பூர்வகுடிகளின் புனித மலையில் ஏறலாமா? கினபாலுவுக்குப் புறப்படும் கிள்ளான் சகோதரிக்கு ஒரு பதில்

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். அலுவலக நண்பர்கள் எட்டுப் பேராக அடுத்த ஆண்டு சபா மாநிலத்துக் கினபாலு மலை ஏற இடம் பிடித்திருக்கிறீர்கள். அதற்குப் பயிற்சியாக சிலாங்கூரிலேயே இரண்டு மலைகள், கோலகுபு பாருவில் புக்கிட் கூத்து, உலு லங்காட்டில் குனோங் நுவாங் என்று திட்டம். இடையில் ஒருவர், கினபாலு இறந்தவர்களின் ஆவி தங்கும் மலை, பூர்வகுடிகளுக்குப் புனிதமானது, வேற்றாள் ஏறுவதே தவறு என்று சொல்லிவிட்டார். "பத்துமலையும் புனித இடம்தான், யார் வேண்டுமானாலும் 272 படி ஏறுகிறார்களே, இதற்கு மட்டும் என்ன?" என்பது உங்கள் வாதம். ஏறலாமா வேண்டாமா என்று ஒற்றை வரியில் பதில் கேட்கிறீர்கள். ஒற்றை வரியில் முடியாது. ஆனால் பதில் இல்லாத கேள்வியும் அல்ல.

மலையேற்றக் குழுக்களை அழைத்துப் போவது என் தொழில். பூர்வகுடியினன் அல்லன். ஆகவே அவர்கள் சார்பில் பேசும் உரிமை எனக்கில்லை. அவர்கள் வெளிப்படையாகச் சொன்னவை, சட்டமும் நீதிமன்றமும் சொன்னவை, களத்தில் எது எங்கே கெடுகிறது என்பது, இவற்றைத்தான் சொல்ல முடியும்.

பத்துமலையிலிருந்தே தொடங்குவோம். அங்கே நாம் ஏறுவது கோயிலுக்கு. படி கட்டியது கோயில், விதி வகுப்பது கோயில், நடை சாத்தும் நேரமும் அவர்கள் கையில். அதே சுண்ணாம்புக் குன்றின் வேறு பக்கங்களில் பாறையேறிகள் கயிறு கட்டி ஏறுகிறார்கள். கோயில் பக்கம் அவர்கள் வருவதில்லை, அதனால் சண்டையும் இல்லை. முருகன் சிலைக்கு நேர் மேலே ஒருவன் பாறையில் துளையிட்டுக் கொக்கி அடித்தால் நமக்கு எப்படியிருக்கும்? உங்கள் கேள்விக்கு உண்மையான ஒப்புமை அதுதான். இன்னொன்று: 1891இல் தம்புசாமிப் பிள்ளை அங்கே வேல் வைப்பதற்கு வெகுகாலம் முன்பே தெமுவான் பூர்வகுடி மக்கள் அந்தக் குகை வாய்களில் தங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். நமக்குப் புனிதமான இடத்திலேயே நமக்கு முந்தியவர்கள் இருந்திருக்கிறார்கள் என்பதை ஓரமாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

"புனித மலை" என்று பொதுவாகச் சொல்வதில்தான் குழப்பமே. மலைக்குரிய மக்கள் வைக்கும் கோரிக்கை இடத்துக்கு இடம் வேறு. சில இடங்களில் ஏறவே வேண்டாம் என்கிறார்கள். சில இடங்களில் இன்ன காலத்தில் வேண்டாம் என்கிறார்கள். சில இடங்களில் ஏறு, ஆனால் எங்கள் முறைப்படி ஏறு என்கிறார்கள். இந்த மூன்றில் உங்கள் மலை எது என்று தெரிந்துகொண்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது.

ஏறவே வேண்டாம் என்பதற்குத் தெளிவான உதாரணம் ஆஸ்திரேலியாவின் உலுரு. அந்தப் பாறையை அம்மண்ணின் பூர்வகுடிகளான அனாங்கு மக்களிடம் 1985 அக்டோபர் 26 அன்று அரசு திருப்பிக் கொடுத்தது. அதற்குப் பிறகும் முப்பத்து நான்கு ஆண்டுகள் ஏறுவது சட்டப்படி அனுமதிக்கப்பட்டே இருந்தது. அடிவாரத்தில் "தயவுசெய்து ஏறாதீர்கள்" என்ற பலகை மட்டும். ஏறும் வழி அவர்களுடைய முன்னோர் நடந்த வழி என்பது ஒரு காரணம். அதோடு, தங்கள் மண்ணுக்கு வந்தவன் அங்கே செத்தால் அந்தத் துக்கமும் பொறுப்பும் தங்களுடையது என்று அவர்கள் கருதினார்கள். அந்தப் பாறையில் 1950களிலிருந்து குறைந்தது 37 பேர் இறந்திருக்கிறார்கள். கடைசியில் 2019 அக்டோபர் 26இல் மூடினார்கள். மூடப்போகிறார்கள் என்று தெரிந்ததும் கடைசி மாதங்களில் ஏற வந்த கூட்டம் வரிசை கட்டி நின்றது. சட்டம் தடுக்கவில்லை என்பதை மட்டும் பார்த்தவர்களின் கூட்டம் அது. அமெரிக்காவில் நவஹோ மக்கள் தங்கள் நிலத்திலுள்ள ஷிப்ராக் பாறையில் ஏறுவதை 1970இலேயே தடை செய்துவிட்டார்கள். நேபாளத்தின் மச்சபுச்சரே சிகரத்தை 1957இல் நெருங்கிய குழு உச்சிக்குச் சற்றுக் கீழேயே நின்றது. பிறகு யாருக்கும் அனுமதியில்லை. கயிலை பற்றி நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சுற்றி வருகிறோம், ஏறுவதில்லை.

இந்தக் கருத்து நமக்கு அந்நியமும் இல்லை. காரைக்கால் அம்மையார் கயிலையைக் காலால் மிதிக்க அஞ்சித் தலையால் நடந்து போனதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். திருவண்ணாமலையில் மலையே லிங்கம் என்பதால்தான் லட்சக்கணக்கானோர் அதை 14 கிலோமீட்டர் சுற்றி நடக்கிறார்கள். உச்சிக்குப் போவது தீபத்தை ஒட்டிய வழக்கம். அதற்கும் இப்போது கட்டுப்பாடு. கிரிவலம் வரும் ஒருவரிடம் "மேலே ஏறினால்தானே முழு அனுபவம்?" என்று யாரும் கேட்பதில்லை.

இன்ன காலத்தில் வேண்டாம் என்பதற்கு அமெரிக்காவின் டெவில்ஸ் டவர் பாறையைச் சொல்லலாம். ஜூன் மாதம் அங்குள்ள பல பழங்குடிகளுக்குச் சடங்கு மாதம். 1995 முதல் அந்த மாதத்தில் ஏறாதீர்கள் என்று பூங்கா நிர்வாகம் கேட்டுக்கொள்கிறது. கேட்டுக்கொள்வதுதான், தடை கிடையாது. ஏறுபவர்களில் பெரும்பாலோர் மதிக்கிறார்கள், சிலர் ஏறுகிறார்கள். பாலியில் குனோங் ஆகோங்கிலும் அடிவாரத்து பெசாகிக் கோயிலில் பெரிய சடங்கு நடக்கும் நாட்களில் ஏற விடமாட்டார்கள். மாட்டிறைச்சி கொண்டுபோகாதீர்கள் என்று அங்குள்ள கைடுகள் சொல்வதும் இந்த வகைதான். தேதியை மாற்றிக்கொண்டால் தீர்ந்துவிடும் விஷயத்துக்கு விவாதமே தேவையில்லை.

காஞ்சன்ஜங்கா கொஞ்சம் தனி. 1955இல் முதலில் ஏறிய பிரிட்டிஷ் குழு சிக்கிம் மன்னருக்கு வாக்குக் கொடுத்திருந்தது. அதன்படி உச்சிப் புள்ளிக்குச் சில அடி கீழேயே நின்றுவிட்டார்கள். 8,586 மீட்டர் மலையில் அவ்வளவு தூரம் போனவன் கடைசி ஆறடியை விட்டுக்கொடுத்தால் அவனுக்கு எந்த நட்டமும் இல்லை என்பது என் எண்ணம்.

இனி கினபாலு. அது மூன்றாம் வகை. சந்தேகமில்லாமல் சொல்லலாம். சபாவின் பூர்வகுடிகளான கடாசான் டூசுன் மக்களுக்கு அது முன்னோர் ஆவிகள் போய்ச் சேரும் மலை. உங்களிடம் சொன்னவர் அந்த அளவில் சரி. 1851இல் ஹியூ லோ என்ற பிரிட்டிஷ் அதிகாரி ஏறப் போனபோதே உள்ளூர் வழிகாட்டிகள் கோழி பலி கொடுத்துத்தான் மேலே கூட்டிப்போனார்கள். இன்று நீங்கள் இரவு தங்கப்போகும் பானலாபான், சுமார் 3,270 மீட்டரில் இருப்பது, அந்தப் பலிச் சடங்கோடு தொடர்புடைய இடம். ஏழு வெள்ளைக் கோழியும் ஏழு முட்டையும் வைத்து மலையின் ஆவிகளிடம் மன்னிப்பும் அனுமதியும் கேட்கும் சடங்கு இன்றும் ஏறுபாதை தொடங்கும் திம்போஹோன் வாயிலில் ஆண்டுதோறும் நடக்கிறது. ஆண்டில் ஒரு முறை சுற்றுலாப் பயணிகளை நிறுத்திவிட்டு, புண்டு துஹான் போன்ற அடிவாரக் கிராமத்து மக்களை மட்டும் ஏறவிடும் வழக்கமும் வந்திருக்கிறது. கைடுகளும் சுமை தூக்குபவர்களும் பெரும்பாலும் இந்தக் கிராமங்களைச் சேர்ந்தவர்கள். மலை அவர்களுக்குப் புனிதம், பிழைப்பும் அதுவே. ஆகவே "வேற்றாள் ஏறுவதே தவறு" என்று அந்த மக்கள் பொதுவாகச் சொல்லவில்லை. அவர்கள் சொல்லாததை வெளியிலிருந்து ஒருவர் அவர்கள் பெயரில் சொல்வதும் ஒருவகையில் வாயடைப்பதுதான்.

எப்படி ஏறுவது என்பதில் அவர்கள் கண்டிப்பு. 2015 மே 30 அன்று வெளிநாட்டுப் பயணிகள் சிலர் உச்சிப் பகுதியில் ஆடை களைந்து படம் எடுத்தார்கள். ஆறு நாள் கழித்து, ஜூன் 5 காலை, ரானாவில் 6 ரிக்டர் அளவிலான நிலநடுக்கம். மலையில் 18 பேர் இறந்தார்கள். அதில் சிங்கப்பூர் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளும் உண்டு, அவர்களைக் காக்கப் போராடிய உள்ளூர் கைடுகளும் உண்டு. நிர்வாணப் படத்துக்காக நால்வருக்கு மூன்று நாள் சிறையும் ஆளுக்கு 5,000 வெள்ளி (ரிங்கிட்) அபராதமும் கிடைத்தன. பொது இடத்தில் ஆபாசம் என்ற பிரிவில்தான் வழக்கு. மலைக்குச் செய்த அவமதிப்புக்கு கடாசான் டூசுன் வழக்கப்படி "சொகிட்" எனும் பரிகாரம் வேண்டும், பூர்வகுடி வழக்கப்படி தீர்ப்பளிக்கும் சுதேசி நீதிமன்றம் விசாரிக்க வேண்டும் என்றும் அப்போது குரல் எழுந்தது.

அந்தச் செயலால் நிலம் நடுங்கியதா என்று கேட்டால், பூமிக்கடியில் பாறைப் பிளவு நகர்ந்தது, அவ்வளவுதான் என்பது நிலவியல். இதை வைத்து அந்த மக்களைக் கேலி செய்து அப்போது எழுதாத பத்திரிகை குறைவு. ஆனால் நம்பிக்கை அறிவியல்படி மெய்யா என்பது நம் கேள்விக்கே தேவையில்லாத விஷயம். சாவு வீட்டில் செருப்போடு உள்ளே போகாமல் இருப்பதற்கு ஆவி உண்டா இல்லையா என்று நாம் முடிவு செய்துவிட்டா போகிறோம்? இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: கடாசான் டூசுன் மக்களில் பெரும்பாலோர் இன்று கிறிஸ்தவர்கள். மலைச் சடங்கு பற்றி அவர்களுக்குள்ளேயே கருத்து ஒன்றில்லை. "பூர்வகுடிகள் இப்படி நினைக்கிறார்கள்" என்று ஒரே மூச்சில் சொல்பவர் யாராயிருந்தாலும் கொஞ்சம் நிதானித்துக் கேளுங்கள்.

நடைமுறைக்கு வருகிறேன். கினபாலுவில் கைடு இல்லாமல் ஏற முடியாது. ஒரு கைடுக்கு ஐந்து பேர் என்ற கணக்கில் உங்கள் எட்டுப் பேருக்கு இரண்டு கைடு. முதல் நாள் வாயிலில் அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: மேலே எதைச் செய்யக் கூடாது? கத்துவது, விசிலடிப்பது, "மலையை ஜெயித்துவிட்டோம்" என்று பெருமை பேசுவது, கல் எடுப்பது, செடி பறிப்பது, இவைதான் வழக்கமாக வரும் பதில். சிக்கல் வருவது அதிகாலை ஐந்தரை மணிக்கு, 4,095 மீட்டர் உச்சியில். குளிர், தூக்கமின்மை, குறைந்த காற்று, அதற்கு மேல் சூரிய உதயம். அந்த நேரத்தில் கூச்சல் தானாக வந்துவிடும். கீழேயே பேசி வைத்துக்கொள்ளாவிட்டால் மேலே யாரும் யாரையும் அடக்க முடியாது. நிறுவனப் பதாகையை விரித்துப் படம் எடுப்பதென்றால் ஒரே படம், பிறகு மடித்துப் பைக்குள். வானிலை பார்த்துக் கைடு திரும்பச் சொன்னால் திரும்ப வேண்டியதுதான். கட்டிய பணம் போகிறதே என்று அவரிடம் வாதாடுவதுதான் அந்த மலையில் நடக்கும் மிகப் பெரிய மரியாதைக்கேடு என்று சொல்வேன்.

உண்மையில் எனக்குக் கவலை உங்கள் கினபாலுவைப் பற்றி இல்லை, பயிற்சி மலைகளைப் பற்றி. கினபாலுவில் விதியைச் சொல்ல ஆளிருக்கிறது. புக்கிட் கூத்துவில் சொல்வதற்கு ஆளில்லை. 1,053 மீட்டர்தான், காலையில் ஏறி மாலைக்குள் இறங்கிவிடலாம் என்று வாட்ஸ்அப்பில் குழு சேர்த்துக் கிளம்பிவிடுகிறார்கள். அந்தப் பாதை கம்போங் பெர்த்தாக் வழியாகப் போகிறது. அது தெமுவான் கிராமம்; சிலாங்கூர் ஆற்று அணைக்காக ஏற்கெனவே ஒரு முறை இடம் பெயர்க்கப்பட்ட மக்கள்.

இங்கே முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, பெர்மிட் ஒன்று, சம்மதம் வேறொன்று. வனக் காப்பகத்துக்குள் நுழைய மாநில வன இலாகாவின் பெர்மிட் வேண்டும். இல்லாமல் போய் மாட்டினால் 1984ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டத்தின் 47ஆம் பிரிவில் 10,000 வெள்ளி வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்க இடமுண்டு. எந்த மலை எப்போது திறந்திருக்கிறது என்பது மாறிக்கொண்டே இருக்கும். பழைய வலைப்பதிவை நம்பாமல் மாவட்ட வன அலுவலகத்தில் கேளுங்கள். ஆனால் அந்தப் பெர்மிட்டில் கிராமத்தின் கையெழுத்து கிடையாது. காடு அரசுடையது என்று அரசு சொல்கிறது. பரம்பரையாகப் புழங்கிய நிலத்தில் ஓராங் அஸ்லி மக்களுக்கு, அதாவது தீபகற்ப மலேசியாவின் பூர்வகுடிகளுக்கு, உரிமை உண்டு என்று டெங்கிலைச் சேர்ந்த தெமுவான் மக்கள் தொடுத்த சாகோங் தாசி வழக்கில் 2002இல் உயர்நீதிமன்றமும் 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் சொல்லியிருக்கின்றன. எந்தக் குன்று எவருடைய பரம்பரை நிலம் என்பதோ இன்னும் பல இடங்களில் இழுபறி. ஆகவே இலாகாவில் பெர்மிட் எடுத்த பிறகும் தோக் பாத்தினிடம், அதாவது கிராமத் தலைவரிடம், கேட்பது தனி வேலை.

எப்படிக் கேட்பது? போகும் காலையில் வண்டியை நிறுத்திவிட்டுக் கேட்பது கேட்பதாகாது. ஒரு வாரம் முன்பே தொடர்புகொள்ளுங்கள். எத்தனை பேர், எந்த நாள், எத்தனை மணிக்கு இறங்குவோம் என்று சொல்லுங்கள். பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் போகாதீர்கள். "நாங்கள் போகக் கூடாத இடம் ஏதாவது உண்டா? அந்த நாளில் சடங்கோ சாவோ இருக்கிறதா?" என்று கேளுங்கள். "இது புனித மலையா?" என்று மட்டும் கேட்காதீர்கள். தெரியாதவரிடம் அதைச் சொல்ல விருப்பமில்லாமல் "இல்லை, போங்கள்" என்று சொல்லிவிடுவார்கள். சில இடங்களின் பெயரையே வெளியாளிடம் சொல்வதில்லை. கிராமத்து இளைஞர் ஒருவரைக் கைடாக வைத்துக் கூலியை நேராக அவர் கையில் கொடுங்கள். பாதை எங்கே வளைகிறது என்று கவனித்தாலே போதும், எதைத் தவிர்க்கிறார் என்பது தெரியும். காரணம் கேட்க வேண்டாம்.

மரியாதைக்கேடு பெரும்பாலும் உச்சியில் நடப்பதில்லை, அடிவாரத்தில் நடக்கிறது. பாதையோரம் கறுப்பு பாலி குழாய் ஒன்று ஓடுவதைப் பார்ப்பீர்கள், கட்டைவிரல் பருமனில், இலைக்குள் பாதி மறைந்து. அதுதான் கிராமத்தின் தண்ணீர். மேலே ஓடையில் கல் அடுக்கித் தடுத்து, அங்கிருந்து சரிவிலேயே இறங்கி வருகிறது. முப்பது பேர் பூட்ஸோடு மிதித்தால் இணைப்பு கழன்றுவிடும். கீழே குழாயில் தண்ணீர் நின்றுபோகும், யார் மிதித்தது என்று யாருக்கும் தெரியாது. இறங்கும்போது வியர்வை தீர ஓடையில் குளிக்கிறோமே, அந்த இடம் தடுப்புக்கு மேலேயா கீழேயா என்று பாருங்கள். மேலே என்றால் உங்கள் ஷாம்பூ ஒருவர் வீட்டுச் சோற்றுப் பானைக்குப் போகிறது. மலம் கழிக்க ஓடையிலிருந்து குறைந்தது 60 மீட்டர் தள்ளி, 15 சென்டிமீட்டர் குழி தோண்டி மூடுங்கள். ஈரத் துடைப்புத் தாளைப் புதைக்காதீர்கள், மக்காது. காட்டுக்குள் நிற்கும் டுரியான், பெத்தாய் மரங்களுக்குச் சொந்தக்காரர் உண்டு. பழம் கீழே கிடந்தாலும் எடுக்காதீர்கள். சின்னக் கூரை போட்டு அதன்கீழ் பாத்திரமோ துணியோ வைத்திருந்தால் அது கல்லறை. படம் வேண்டாம்.

தாமான் நெகாரா தேசியப் பூங்காவில் குனோங் தாஹான் மலைக்குப் போகும் எண்ணம் பின்னால் வந்தால் இன்னொன்று. அங்குள்ள பாத்தேக் மக்களிடமும் வேறு சில ஓராங் அஸ்லி குழுக்களிடமும் விலங்குகளைக் கேலி செய்து சிரிப்பது பெரிய குற்றம். இடியும் வெள்ளமும் வரும் என்பார்கள். குரங்கைப் பார்த்து அதுபோலவே நடித்துச் சிரிப்பது, நண்பன் காலில் அட்டை ஏறியதும் அதை வைத்து ஆட்டம் காட்டுவது, இதெல்லாம் நம் குழுக்களில் சகஜம். அவர்கள் முன் செய்யாதீர்கள்.

அதேசமயம், மலையேறிகள் மத்தியில் புழங்கும் பேய்க் கதைகளையும் பூர்வகுடி விதிகளையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். இந்த இடம் "கெராஸ்" (ஆவி நடமாட்டம் கடுமையான இடம்), அந்த மரத்தடியில் பெயர் சொல்லிக் கூப்பிடாதே என்பதில் பாதி, கூடாரத்தில் இரவைக் கழிக்க யாரோ சொன்ன கதை. குனோங் லேடாங் இளவரசி மலாய் மக்களின் கதை. அதை அப்பகுதி ஜக்குன் பூர்வகுடி மக்களின் கட்டளையாகச் சொல்வது தவறு. விதி என்று ஒன்றைச் சொன்னால், அதைச் சொன்னது யார் என்று கேளுங்கள்.

எல்லாம் இவ்வளவு சுலபமாகப் பிரிந்துவிடாது என்பதற்கு நம் பொதிகையே சாட்சி. 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியமலை அங்குள்ள பழங்குடிகளான காணிக்காரர்களுக்கும் புனிதம். அகத்தியர் அவர்கள் தெய்வம். பெண்கள் ஏறக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். கேரள வனத்துறை ஆண்டுதோறும் நடத்தும் மலையேற்றத்தில் பெண்களையும் சேர்க்க வேண்டும் என்று 2018 நவம்பரில் அம்மாநில உயர்நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2019 ஜனவரியில் பெண்கள் ஏறினார்கள். காணிக்காரர்கள் வழியை மறிக்காமல் அடிவாரத்தில் எதிர்ப்பை மட்டும் தெரிவித்தார்கள். யார் பக்கம் நிற்பது? பழங்குடிச் சொல்லுக்கு மதிப்பு என்றால் பெண்கள் போகக் கூடாது. பெண் உரிமை என்றால் போகலாம். என் கணிப்பு இது: வெளியூர் ஆண்களுக்குச் சீட்டு விற்றுக் கூட்டம் கூட்டமாக ஏற்றிய ஒரு துறை, பெண்கள் வந்ததும் பழங்குடி நம்பிக்கையைக் கேடயமாகப் பிடிக்க முடியாது. புனிதம் என்றால் வெளியார் எல்லாருக்கும் மூடட்டும். காணிக்காரர்கள் அதைக் கேட்டால் அது நியாயமான கோரிக்கை, ஆண் மலையேறிகளும் கட்டுப்பட வேண்டியது. இதை ஏற்காதவர்கள் இருப்பார்கள். அவர்களிடமும் நல்ல வாதங்கள் உண்டு.

கடைசியாக நம்மவர்களுக்கே உரிய ஒரு பழக்கம். உச்சிக்குப் போனதும் கற்பூரம் ஏற்றுவது, நல்ல கல்லாகப் பார்த்து மஞ்சள் பூசிப் பொட்டு வைப்பது, மரத்தில் மஞ்சள் துணி கட்டுவது, சின்ன வேல் ஒன்றை நட்டுவிட்டு வருவது. பக்திதான், தெரியும். ஆனால் அடுத்தவர் முன்னோர் மலையில் நம் தெய்வத்தை நட்டால், பத்து வருடத்தில் அங்கே ஒரு கூரை எழும், பிறகு அது "நம்" இடமாகிவிடும். கோயில் நிலத்துக்காக இந்த நாட்டில் இத்தனை பாடுபட்ட நமக்கு அது எங்கே போய் முடியும் என்று தெரியாதா? மனத்துக்குள் கும்பிடுங்கள், திருநீறு பூசிக்கொண்டு ஏறுங்கள், யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. தீ மட்டும் எங்கேயும் வேண்டாம்.

உங்கள் எட்டுப் பேருக்கு என் பரிந்துரை: கினபாலு பயணத்தை ரத்து செய்யாதீர்கள். புக்கிட் கூத்துவுக்கு வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்துகொண்டு போகாமல், தனியாக, ஒரு வார நாளில், கிராமத்து ஆளோடு போங்கள். இரண்டு கார் போதும். நிறுத்துமிடத்துக்குப் பணம் கேட்டால் பேரம் பேசாமல் கொடுங்கள். அன்று காலை கிராமத்தில் யாரோ இறந்திருக்கலாம், சடங்கு இருக்கலாம், காரணமே சொல்லாமல் இன்று வேண்டாம் என்றும் சொல்லலாம். 2020இல் நோய்த்தொற்றுக் காலத்தில் பல ஓராங் அஸ்லி கிராமங்கள் நுழைவாயிலையே மரம் போட்டு மறித்தன. அந்த மறிப்புக்கு யாரும் விளக்கம் கேட்கவில்லை. இதையும் அப்படியே எடுத்துக்கொண்டு வண்டியைத் திருப்புங்கள். திரும்பும் வழியில் ரவாங்குக்கும் செலாயாங்குக்கும் இடையே கஞ்சிங் அருவி இருக்கிறது. நடையும் உண்டு, குளிக்கவும் இடமுண்டு. நாசி லெமாக் பொட்டலங்களை அங்கே பிரித்துக்கொள்ளலாம். குரங்குகள் அதிகம், பையைத் திறந்து வைக்காதீர்கள்.